நமது மழையை நாமே அளக்க வேண்டும்: ஒலுவில் வளாகப் பொறியியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பி, தங்கச்சிமாரே,



கல்முனைக் கரையோரப் பாடசாலைகளில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். உங்களில் சிலர் என் வகுப்பில் இருந்திருக்கலாம். புத்தளத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மின்னியலும் தொலைத்தொடர்பும் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கேட்க வந்தது ஒன்றுதான். செய்மதித் தொடர்பாடலில் ஆய்வு செய்ய நினைப்பவர்கள், நம் கரையில் பெய்கிற மழை நுண்ணலைகளை என்ன பாடுபடுத்துகிறது என்று அளக்கத் தொடங்குங்கள். ஒரு பெட்ச் தொடங்கியதை அடுத்த பெட்ச் விடாமல் கொண்டு போகட்டும். அப்படிப் பத்து மாரியின் கணக்கு நம் கையில் சேர்ந்தால், உலகில் எந்த ஆய்வுகூடமும் அதைத் தேடி வரும்.

பெரிய வாக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

கல்முனை இருப்பது வடக்கு அகலக்கோடு 7.4 பாகையில், கிழக்கு நெடுங்கோடு 81.8 பாகையில். இந்தியத் தொலைக்காட்சிச் செய்மதிகள் நிற்கும் இடங்களில் ஒன்று 83 பாகை கிழக்கு. முக்கோண கணிதம் போட்டுப் பாருங்கள்: நம் மொட்டைமாடியிலிருந்து அந்தச் செய்மதியின் ஏற்றக்கோணம் 81 பாகை வரும். உச்சிக்கு ஒன்பது பாகைதான் மிச்சம். லண்டனில் இருப்பவர் தன் 28.2 பாகை கிழக்குச் செய்மதியைப் பார்க்க அடிவானத்திலிருந்து 25 பாகைதான் டிஷ்ஷை உயர்த்த வேண்டும். பாடநூல்களின் படங்களில் டிஷ் சாய்ந்து நிற்பது அதனால்தான். அந்தப் படம் நமக்கு வரைந்த படமல்ல.

இந்த வித்தியாசத்தை நம் ஊரில் நன்றாக அறிந்தவர்கள் டிஷ் பூட்டுகிற தம்பிமார். ஒரு ஃபைண்டர் மீட்டர், இரண்டு ஸ்பானர், ஒரு சுருள் கேபிள். இவ்வளவுதான் அவர்களுடைய ஆய்வுகூடம். அலையை வாங்கும் தலையான எல்.என்.பி. நடுவில் நிற்கிற பழைய பெரிய டிஷ்ஷை உச்சி நோக்கித் திருப்பினால் மாரியில் அதற்குள் தண்ணீர் கட்டும் என்பதால், பூட்டும்போதே அடியில் ஒரு துளை போட்டுவிடுவார்கள். எல்.என்.பி. கீழே ஒதுங்கியிருக்கும் சிறிய டிஷ்ஷில், கிண்ணம் பார்க்கும் திசையும் அலை வரும் திசையும் ஒன்றல்ல, இருபத்துச் சொச்சம் பாகை விலகல் உண்டு என்பதை அவர்கள் கையாலேயே அறிவார்கள். கேபிள் முனையில் முறுக்கும் எஃப் கனெக்டர் உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும். அதற்கு ரப்பர் டேப் இறுக்கிச் சுற்றுவார்கள். எல்.என்.பி.யின் வெள்ளை மூடியில் நீர்ப்படலம் படிந்தாலே மீட்டர் இறங்கும் என்பதும் தெரியும். துணியால் துடைத்துவிட்டுத்தான் அளவைப் பார்ப்பார்கள். ஆய்வுச் சஞ்சிகைகளில் இதை நனைந்த அன்டெனாவின் இழப்பு என்று தனி விடயமாக எழுதுகிறார்கள். அதற்கென்று சமன்பாடுகள் உண்டு, விவாதங்கள் உண்டு. மாளிகைக்காட்டில் ஒருவர் துணியால் துடைப்பதும் அந்த விவாதமும் ஒரே விடயம்தான்.

இனி மழைக்கு வருவோம். மீடிறன் ஏற ஏற அலைநீளம் குறைகிறது. அலைநீளம் மழைத்துளியின் பருமனை நெருங்க நெருங்க, துளிகள் அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் தொடங்குகின்றன. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணிப்பு முறைப்படி, மணிக்கு 100 மி.மீ. வீதத்தில் கொட்டும் மழையில் 4 கிகாஹேர்ட்ஸ் அலை ஒரு கிலோமீற்றருக்கு 0.2 டெசிபல் அளவுக்கே இழக்கும். தொலைக்காட்சி டிஷ் வேலை செய்யும் 12 கிகாஹேர்ட்ஸில் அதே மழை கிலோமீற்றருக்கு 5.5 டெசிபல் அளவைத் தின்றுவிடும். அதாவது ஒரு கிலோமீற்றர் கடந்தபின் வலுவில் மூன்றிலொரு பங்குகூட மிஞ்சாது. 20 கிகாஹேர்ட்ஸில் இழப்பு 12 டெசிபலை எட்டும். பதினாறில் ஒரு பங்கே மிச்சம். புதிய செய்மதிச் சேவைகள் அகலமான அலைவரிசை தேடி 20, 30 கிகாஹேர்ட்ஸுக்கு ஏறிக்கொண்டிருக்கின்றன. நம் வாடைக் காலத்து மழையோ மணிக்கணக்கு பார்த்துப் பெய்வதில்லை. இருபது நிமிடத்தில் தெருவை ஆறாக்கிவிட்டுப் போய்விடும்.

பொறியியலாளர் ஒருவர் இங்கே செய்மதி இணைப்பொன்றை வடிவமைக்க உட்கார்ந்தால் முதலில் கேட்பது, ஆண்டின் 0.01 சதவீத நேரத்தில் இந்த இடத்தில் மழை வீதம் எவ்வளவைத் தாண்டும் என்பதே. அந்த 0.01 சதவீதம் என்பது ஆண்டுக்கு 53 நிமிடம். இந்த ஒரே எண்ணிலிருந்துதான் எவ்வளவு வலு உபரியாக வைப்பது, டிஷ் எவ்வளவு பெரிதாக இருப்பது என்ற கணக்கெல்லாம் பிறக்கிறது. உள்ளூரில் அளந்த தரவு இல்லாத இடத்தில், உலக வரைபடத்திலிருந்து ஊகித்த எண்ணைத்தான் எடுப்பார்கள். அந்த வரைபடங்களுக்கும் சமன்பாடுகளுக்கும் அடிப்படையான அளவீடுகளில் பெரும்பங்கு மிதவெப்ப நாடுகளில் எடுத்தவை. அங்கே மழை பரவலாக, மெதுவாகப் பெய்கிறது. இங்கே இடிமுகில் ஓரிரு கிலோமீற்றர் அகலத்தில் இறங்கிக் கொட்டுகிறது. துளியின் பருமன் வேறு, மழை தொடங்கும் உயரம் வேறு. நம் டிஷ் உச்சியைப் பார்ப்பதால் அலை மழைக்குள் கடக்கும் தூரம் 5 கிலோமீற்றர் அளவுதான். அது நமக்கு வாய்ப்பு. அதே டிஷ்ஷை 45 பாகை கிழக்கிலிருக்கும் செய்மதிக்குத் திருப்பினால் ஏற்றக்கோணம் 47 பாகைக்கு இறங்கிவிடும். அப்போது அலை மேற்கேயுள்ள வயல்வெளியின் முகிலை ஊடுருவி வர வேண்டும். இரண்டு திசையிலும் மழை ஒரே மாதிரியாகவா கெடுக்கிறது? இதைச் சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ நின்று அளந்தால்தான் தெரியும்.

நம் நாட்டு மழையை நுண்ணலையால் அளந்த ஆய்வே இல்லை என்று சொல்லவில்லை. நல்ல உதாரணம் ஒன்று உண்டு. கைத்தொலைபேசிக் கோபுரங்கள் ஒன்றோடொன்று நுண்ணலை இணைப்பில் பேசிக்கொள்கின்றன. மழை பெய்தால் அந்த இணைப்பின் வலு குறையும். குறைவைத் தலைகீழாகக் கணக்கிட்டால் இரு கோபுரங்களுக்கும் இடையே பெய்த மழையின் வீதம் வந்துவிடும். இஸ்ரேலில் 2006இல் இதைச் செய்து காட்டினார்கள். பிறகு நெதர்லாந்து நாடு முழுவதற்கும் இப்படி மழை வரைபடம் போட்டார்கள். 2021இல் அதே நெதர்லாந்து ஆய்வாளர்கள், டயலொக் நிறுவனத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளின் தரவைக் கொண்டு இலங்கையின் மழை வரைபடத்தை வெளியிட்டார்கள். வெப்பவலய நாடொன்றுக்கு இந்த முறை பலிக்கும் என்பதற்கு அது முக்கியமான சான்று. கோபுரங்கள் நம்முடையவை, மழை நம்முடையது, கணக்கு மட்டும் வெளியூரில் நடந்தது. குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை. நன்றி சொல்ல வேண்டிய வேலை. ஆனால் அந்தக் கட்டுரையை எடுத்து, அம்பாறைக் கரைக்கு மட்டும் இன்னும் நெருக்கமாக, இன்னும் பல மாரிகளுக்குச் செய்து பார்க்க ஒலுவிலைவிடப் பொருத்தமான இடம் எது?

இது வெறும் கட்டுரை எழுதும் வேலையுமல்ல. 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு வெள்ளத்தில் அள்ளுண்ட மதரசாப் பிள்ளைகளை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. மழைமானிகள் தொலைவில் தொலைவில் நிற்கின்றன. கோபுரங்களோ ஊருக்கு ஊர் நிற்கின்றன. எந்த வயல்வெளிக்கு மேல் இந்த அரை மணியில் எவ்வளவு கொட்டியது என்று தெரிந்தால், எந்த வீதியை எப்போது மூடுவது என்ற முடிவு ஊகத்தில் இல்லாமல் கணக்கில் எடுக்கப்படும்.

அறிவது ஒன்று, அறிவிப்பது இன்னொன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2004 டிசம்பர் 26 காலை சுனாமிக் கடல் கல்முனையிலும் மருதமுனையிலும் ஏறிய கிட்டத்தட்ட அதே வேளையில், ஜேசன்-1 என்ற செய்மதி வங்காள விரிகுடாவுக்கு மேலாகப் பறந்தது. அதன் 13.6 கிகாஹேர்ட்ஸ் ராடார் திறந்த கடலில் அந்த அலையின் உயரத்தை அளந்தது: அரை மீற்றரைச் சற்றுத் தாண்டியது. ஆழ்கடலில் அவ்வளவு சிறிதாக இருந்த அலை, கரைக்கு வந்தபோது நாட்டிலேயே அதிக உயிரைக் கொண்டு போனது நம் மாவட்டத்தில். அந்த அளவீட்டை ஆராய்ந்து எடுக்கவே பல மணித்தியாலம் ஆனது. உடனே எடுத்திருந்தாலும் நமக்குச் சொல்ல அன்று வழியிருக்கவில்லை. நுண்ணலை ஆய்வு என்று நான் சொல்லும்போது அளக்கும் கருவியையும் சொல்கிறேன், அளந்ததைக் கடைசி வீடு வரை கொண்டு சேர்க்கும் இணைப்பையும் சொல்கிறேன். மழையில் படுத்துவிடுகிற இணைப்பை நம்பி எச்சரிக்கைக் கோபுரம் நட முடியாது.

“சேர், இதற்கெல்லாம் அலை எதிரொலிக்காத அறை வேண்டும், கோடிக்கணக்கில் கருவி வேண்டும்” என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. அந்த அறை வந்தால் நல்லது. வரும்வரை கைகட்டி இருக்கத் தேவையில்லை. கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 1890களிலேயே சில மில்லிமீற்றர் அலைநீளமுள்ள அலைகளை உண்டாக்கி, தானே வடித்த கூம்பு அன்டெனாவால் அனுப்பிப் பிடித்துக் காட்டினார். இன்றைக்கு 60 கிகாஹேர்ட்ஸ் என்று நாம் புதுமையாகப் பேசுகிற பட்டைதான் அது. இந்தியாவின் ஆப்பிள் செய்மதியை மாட்டுவண்டியில் ஏற்றிவைத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஏழை நாட்டின் நிலை என்று பலர் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். விடயம் வேறு. அன்டெனாவைச் சோதிக்க, சுற்றிலும் உலோகம் இல்லாத திறந்தவெளி வேண்டும்; லொறியின் உடல் அலையை எதிரொலித்து அளவீட்டைக் கெடுக்கும்; மரவண்டி கெடுக்காது. குறைந்த செலவில் சரியான பதில் அது. அந்தத் திட்டத்தின் பணிப்பாளர் தமிழரான ஆர்.எம். வாசகம். 1981 ஜூன் 19ஆம் திகதி ஆப்பிள் விண்ணுக்குப் போனது, வேலையும் செய்தது.

இந்தத் துறையின் ஆதிக் கட்டுரை ஒன்றுக்கும் நம் நாட்டுக்கும் உறவிருக்கிறது. மூன்று செய்மதிகளைப் பூமியோடு சேர்ந்து சுற்றவிட்டால் உலகம் முழுவதையும் இணைக்கலாம் என்று ஆர்தர் சி. கிளார்க் 1945 ஒக்டோபரில் எழுதினார். 1956இல் இலங்கைக்கு வந்தவர் 2008இல் இறக்கும் வரை இங்கேயே வாழ்ந்தார். இந்தியா 1975இல் அமெரிக்கச் செய்மதியொன்றின் வழியாகக் கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பியபோது, அதைப் பார்க்க அவருடைய கொழும்பு வீட்டில் இஸ்ரோ பொறியியலாளர்கள் 5 மீற்றர் டிஷ் ஒன்றைப் பூட்டிக் கொடுத்தார்கள். கொழும்பை அடுத்த கட்டுபெத்தையில் அவர் பெயரால் நிறுவனம் இருக்கிறது. நம் நாட்டின் ராவணா-1 சிறு செய்மதி 2019இல் சுற்றுப்பாதைக்குப் போனது. எல்லாம் மேற்குக் கரையிலேயே நடப்பதாக நினைத்து நாம் ஒதுங்கியிருக்கக் கூடாது.

செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பீடத்து மொட்டைமாடியில் 60 செ.மீ. டிஷ் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் ஒரே செய்மதிக்குத் திருப்பிப் பூட்டுங்கள். ஒன்றின் எல்.என்.பி. மூடிக்கு மேல் சிறு கூரை போட்டு நனையாமல் வையுங்கள். மற்றதை நனைய விடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், மூடி நனைவதால் மட்டும் வரும் இழப்பு. எல்.என்.பி. 12 கிகாஹேர்ட்ஸ் அலையை ஆயிரம், இரண்டாயிரம் மெகாஹேர்ட்ஸ் அளவுக்கு இறக்கித் தந்துவிடும்; அதன் கீழ்ப்பகுதியை மலிவான யூ.எஸ்.பி. வானொலிக் குச்சி ஒன்றே வாசிக்கும். பக்கத்தில் கவிழும் வாளி வகை மழைமானி ஒன்று. எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்தில் கட்டி, பத்து விநாடிக்கு ஒருமுறை பதியுங்கள். நாம் எதையும் ஒலிபரப்பப் போவதில்லை, வாங்கி அளக்கத்தான் போகிறோம். ஆகவே யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

தவறும் இடங்களையும் முன்கூட்டியே அறிந்து வையுங்கள். வெயில் ஏற எல்.என்.பி.யின் பெருக்கம் மாறும். அதனால் தெளிந்த வானத்து அளவை நாளின் ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். மழை அலையை மட்டும் குறைப்பதில்லை, தானும் இரைச்சலை உமிழ்கிறது. மொத்த வலுவைப் பார்த்து ஏமாறாமல், காவி அலையையும் இரைச்சலையும் பிரித்து எழுதுங்கள். கருவியைச் சரிபார்க்கச் சூரியன் இருக்கிறது. மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் கடைசி வாரத்திலும் சில நாட்களுக்கு, 83 பாகைச் செய்மதிக்கு நேர் பின்னால் சூரியன் வந்து போகும். நம் ஊரில் அது நண்பகல் ளுஹர் வேளைக்குச் சற்று முன். தொலைக்காட்சி சில நிமிடம் குழம்பும். பார்க்கிறவருக்கு அது தொல்லை, உங்களுக்கு இலவச அளவுகோல். டிஷ்ஷின் கதிர் எவ்வளவு அகலம், வாங்கி எவ்வளவு நுண்மை என்பதைச் சூரிய இரைச்சலைக் கொண்டு கணிப்பது உலகெங்கும் நடைமுறையில் உள்ள வழி.

கருவியே இல்லாமல், மடிக்கணினியோடு மட்டும் தொடங்க விரும்புகிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் நம் நாட்டில் சேவையைத் தொடங்கியது. 36,000 கிலோமீற்றர் உயரத்தில் அசையாமல் நிற்பதற்குப் பதில், அதன் செய்மதிகள் ஏறக்குறைய 550 கிலோமீற்றரில் ஓடுகின்றன. ஓடுகிறதைத் துரத்த டிஷ்ஷைச் சுழற்றுவதில்லை. தட்டையான பலகையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு அன்டெனாக்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தன் அலையைச் சற்று முந்தியோ பிந்தியோ விடுவதால் கதிர் தானாகத் திரும்புகிறது. கரைவலை இழுப்பதைப் பார்த்த உங்களுக்கு இது விளங்கும்: இரு கயிற்றுக்காரரும் ஒரே கணக்கில் இழுத்தால் மடி நேரே வரும், ஒரு பக்கத்தார் சற்றுப் பிந்தினால் மடி வரும் கோடே சரிந்துவிடும். இதில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தாழ்ந்து ஓடும் செய்மதிகள், நிலையாக நிற்கும் செய்மதிகளின் சேவையைக் குழப்பக் கூடாது என்பது சர்வதேச விதி. லண்டனில் அந்த நிலையான செய்மதி வரிசை தெற்கு வானில் தாழ்ந்து கிடக்கிறது. அங்கே பலகை வடக்கே பார்த்தால் போதும். நமக்கு அது கிழக்கிலிருந்து மேற்காக உச்சிக்குப் பக்கத்தால் போகிறது. நல்ல இணைப்புத் தரக்கூடிய நடு வானையே விலக்கிவிட்டுப் பார்க்க வேண்டிய நிலை. கல்முனையில் நிற்கும் ஒரு பலகைக்கு எந்த நேரம் எத்தனை செய்மதி மிஞ்சும், மாரியில் அதில் எத்தனை தேறும் என்ற கணக்கை ஒரு மாணவர் ஒரு தவணையில் போட்டுவிடலாம்.

இன்னொன்று, மஃரிபுக்குப் பிந்திய வேலை. பூமியின் காந்த மத்தியகோடு நம் தீவுக்கு மிக அருகால் போகிறது. கேரளத்துத் தும்பாவில் 1963 நவம்பர் 21ஆம் திகதி முதல் ரொக்கட் ஏவப்பட்டதும், அந்த ஊர் இந்தக் கோட்டருகில் இருந்ததால்தான். சூரியன் மறைந்த பிறகு இந்தப் பகுதியில் அயன மண்டலம் குமிழ் குமிழாகக் குலையும், 1.5 கிகாஹேர்ட்ஸ் அலைகள் மினுங்கத் தொடங்கும். ஜி.பி.எஸ். அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. பலநாள் படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் இரவில் கடற்பாதையைப் பார்ப்பதும் ஜி.பி.எஸ்.ஸில்தான். ஒரு வாங்கியைக் கரையில் வைத்து, மாலை தொடங்கி நள்ளிரவு வரை வலு ஏறி இறங்குவதைப் பதிந்துகொண்டே வாருங்கள்.

கடைசியாக மூன்று நிபந்தனைகள் போடுகிறேன், வயதுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். தரவைப் பூட்டி வைக்காதீர்கள். எந்தப் பல்கலைக்கழகம் கேட்டாலும் கொடுங்கள். டிஷ் பூட்டும் தம்பிமாரையும் படகுக்காரரையும் முதல் நாளே கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள்; எந்த மாதம் எந்தத் திசையில் சிக்னல் விழும் என்பதை அவர்கள் சொல்லும்போது குறித்துக்கொள்ளுங்கள், பிறகு சரிபார்க்கலாம். கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதுங்கள், அதோடு தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு பக்கமாவது எழுதி நம் பாடசாலைகளுக்கு அனுப்புங்கள். பௌதிகவியல் பாடநூலில் அலைநீளம் படிக்கிற பிள்ளைக்கு, அது தன் ஊர் மழையில் என்ன ஆகிறது என்று சொல்ல ஒரு தாள் வேண்டும்.

ஒலுவிலில் பல்கலைக்கழகம் வர வேண்டும் என்று அமைச்சராக இருந்த மர்ஹூம் அஷ்ரஃப் அவர்கள் பாடுபட்ட காலத்தில், இந்தக் கரையில் யாருக்குப் பல்கலைக்கழகம் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இந்த ஊருக்கே உரிய ஆய்வொன்றை உங்கள் பீடம் பெற்றெடுப்பதுதான் அந்தக் கேள்விக்கு முறையான பதில்.

மாரி ஒக்டோபரில் தொடங்கும். இன்ஷா அல்லாஹ், அதற்கு முன் மழைமானியும் முதல் டிஷ்ஷும் மாடிக்கு ஏறிவிட வேண்டும். முதல் மாத வரைபடம் தயாரானதும் சொல்லி அனுப்புங்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகளைப் பஸ் பிடித்து அழைத்து வருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
உங்கள் நலன் நாடும்,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
சாய்ந்தமருது.